பதினான்காம் எண் கடிதம்

பிரிகேடியர் ஜைல்ஸ் டாரன்ட் தன் ஷூக்களுக்குத் தானே பாலிஷ் போடுவார். நான் அவரைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். குளிப்பாட்டலாம், மாத்திரை கொடுக்கலாம், கழிப்பறை நாற்காலியைக் கழுவலாம். ஷூவையும் பாலிஷ் பெட்டியையும் மட்டும் தொடக்கூடாது.

அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. இதயம் தளர்ந்து கால்கள் இரண்டிலும் நீர் கோத்திருந்தது. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி நிரம்ப ஒரு நிமிடம் ஆகும். எந்த ஷூவும் அந்தக் காலில் ஏறாது. இருந்தும் தினமும் காலை பத்து மணிக்கு, மடியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு, மூன்று ஜோடிகளையும் தேய்ப்பார்.

"போட்டுக்கவே முடியாது, எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"செத்த பிறகு போட்டு விடுவாங்க இல்ல, மேட்ரன்? அப்போ அழுக்கா இருந்தா கேவலம்."

"இந்த வீக்கம் செத்தாலும் உடனே வத்தாது. அப்பவும் ஏறாது."

"அப்ப பக்கத்துல வச்சு அனுப்புங்க. கையில தூக்கிட்டுப் போறேன்."

நான் மேட்ரன் இல்லை. முதியோர் வார்டில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறவள். ஆனால் தன்னைப் படுக்கச் சொல்லி அதட்டும் எந்தப் பெண்ணும் அவருக்கு மேட்ரன்தான்.

இங்கிலாந்தில் வார்மின்ஸ்டர் ராணுவ முகாம் பக்கத்தில் எங்கள் கிராமங்கள் எல்லாம் இப்படித்தான். பஸ் நிறுத்தத்தில் மூன்று கிழவர்கள் நின்றால் அதில் இரண்டு பேர் கர்னலாக இருப்பார்கள். மேட்டு நிலத்தில் பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் அலமாரிக் கண்ணாடிகள் அதிரும். யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. நான் இதுவரை நான்கு மேஜர்களையும் ஒரு ஜெனரலையும் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். ஜெனரல்தான் அதிகம் அழுதார்.

டாரன்டின் வாழ்க்கையை அவர் வீட்டு மாடிப்படிச் சுவரிலேயே படித்துவிடலாம். கீழ்ப்படியில் இருபது வயதுப் பயிற்சிக் கல்லூரிப் படம். அடுத்து ஜெர்மனி, பனியில் நிற்கும் ஒரு படைப்பிரிவு. பிறகு ஏடன், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பிறகு வட அயர்லாந்து இரண்டு முறை. அதிகாரிகள் கல்லூரி, பட்டாலியன் தலைமை, மறுபடி ஜெர்மனியில் பிரிகேட் தலைமை, லண்டனில் மேசை வேலை. ஐம்பத்தைந்தில் ஓய்வு. மேஜர் ஜெனரல் பதவி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள்; வரவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் இருபத்தொரு வீடு மாறியவர். மனைவி சீலியா ஏழு வருடம் முன்பு போய்விட்டார். ஒரே மகள் பிப்பா லண்டனில் வழக்கறிஞர்.

ஒவ்வொரு வீடு மாறும்போதும் பாலிஷ் பெட்டியை மட்டும் அவரே கையில் எடுத்துக்கொள்வாராம். மற்ற அதிகாரிகளுக்கு ஷூ துடைக்க ஒரு சிப்பாய் இருப்பான். இவர் அந்த வேலையை யாருக்கும் கொடுத்ததில்லை. ரெஜிமென்டில் அது ஒரு பெருமைக் கதை. "டாரன்ட் பந்தா இல்லாதவர், தன் ஷூவைத் தானே துடைப்பார்" என்று எழுத்திலேயே குறிப்பு இருக்கிறது.

மார்ச் மாதம் ஒரு காலை பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போய், பெட்டி கவிழ்ந்து, பிரஷ்களும் டப்பாக்களும் கம்பளத்தில் சிதறின. நான் ஓடிவந்து முதலில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்தேன். பிறகு சாமான்களைப் பொறுக்கினேன். பெட்டியின் அடித்தட்டுப் பலகை கழன்றிருந்தது. அதன் கீழே ஒரு கடித உறை. பழுப்பேறிய நீலம், பழைய தபால்தலை, மேல் மூலையில் பென்சிலால் 14 என்று எழுதி வட்டமிட்டிருந்தது. முகவரியில் வேறு பெயர்: ஃப்யூசிலியர் ஆர். ஹோல்ட். ஃப்யூசிலியர் என்றால் சாதாரணச் சிப்பாய்.

அப்படியே திருப்பி வைத்துப் பலகையை மூடினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்க மாட்டீங்களா?"

"என்னோட சாமான் இல்லையே."

"உக்காருங்க மேட்ரன்," என்றார். "டீ ஆறட்டும்."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1962 பிப்ரவரி. ஜெர்மனி முகாம். டாரன்டுக்கு இருபத்துமூன்று வயது, லெப்டினன்ட், முப்பது பேருக்கு அதிகாரி. அந்த முப்பதில் ஒருவன் ராய் ஹோல்ட். பதினெட்டு வயது, லங்காஷயர் பஞ்சாலை ஊர்க்காரன். அவனுக்குத் தூக்கத்தில் படுக்கையில் சிறுநீர் போய்விடும். சார்ஜென்ட் மோட் என்று ஒருவன். அவன் தினமும் ஹோல்டின் மெத்தையை அணிவகுப்பு மைதானத்தில் கம்பத்தில் தொங்கவிடுவான். பிறகு ஹோல்டைச் சட்டையில்லாமல் துணி துவைக்கும் தொட்டியில் பனித்தண்ணீரில் நிற்க வைப்பான். மற்றவர்கள் கடந்து போகும்போது எண்ண வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று, சத்தமாக.

ஒரு நாள் ஹோல்ட் டாரன்டின் மேசைக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்று எல்லாவற்றையும் சொன்னான்.

"என்ன சொல்லி அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

"சார்ஜென்ட் உன் நல்லதுக்குத்தான் செய்யறார், ஆறு மாசம் பொறுத்துக்கோன்னேன். முதுகுல தட்டிக்கூடக் குடுத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மோட் போர்ல பதக்கம் வாங்கினவர். நான் அவரைப் பார்த்தே பயப்படுவேன், மேட்ரன். அதை அன்னைக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை, ஏழாம் தேதி, ஆயுத அறையில் ஹோல்ட் துப்பாக்கி வாயைத் தன் தாடைக்குக் கீழே வைத்துச் சுட்டுக்கொண்டான்.

ராணுவத்தில் ஒருவன் இறந்தால் அவன் சாமான்களை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஓர் அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அரசாங்கப் பொருள் ஒரு பக்கம், சொந்தப் பொருள் ஒரு பக்கம். சொந்தப் பொருளில், வீட்டாருக்கு மனவருத்தம் தரக்கூடிய எதுவும் இருந்தால் எடுத்து எரித்துவிட வேண்டும். வேறு பெண்ணின் படம், கெட்ட புத்தகம், ரத்தம் பட்ட துணி. இது விதி. கருணையான விதி என்றே எல்லாரும் நினைத்தார்கள். அந்த வேலை டாரன்டுக்கு வந்தது.

ஒரு கைக்கடிகாரம், சவரக்கத்தி, மவுத் ஆர்கன், கயிறு கட்டிய அம்மாவின் கடிதங்கள். கூடவே தபாலில் வந்த இந்த உறை. பிரித்துப் படித்தார். அம்மா கடுமையாக எழுதியிருந்தாள். இதை அவளுக்கே திருப்பி அனுப்பினால் அவள் தாங்கமாட்டாள் என்று எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதே வாரம் விசாரணைக்குழு முன் நின்றபோது அது சட்டைப்பையில்தான் இருந்தது. "துப்பாக்கி சுத்தம் செய்யும்போது நேர்ந்த விபத்து" என்று முடிவானது. மோட் எதிர்பார்த்த பதவி உயர்வு மோடுக்குக் கிடைத்தது. டாரன்டுக்கும் உரிய நேரத்தில் கிடைத்தது.

"அந்தக் கடுதாசில சார்ஜென்ட் பேரு இருக்கு," என்றார். "என்னைப் பத்தியும் ஒரு வரி இருக்கு. வெளியே வந்திருந்தா கேள்வி வந்திருக்கும். அதனால பாதி எனக்காக எடுத்தேன். அதை மறைக்கல. ஆனா பாதி அந்தம்மாவுக்காக. சத்தியமா. அந்தப் பாதி போதும் மேட்ரன், நான் அதை வச்சுக்கிட்டுச் செத்துடுவேன்."

"எரிக்கணும்னு விதி இருக்குன்னீங்க. ஏன் எரிக்கல?"

"தீக்குச்சி கிழிச்சேன். கை வரல."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தான் போவதற்குள் அந்தக் கடிதம் ஹோல்ட் குடும்பத்துக்குப் போக வேண்டும். தன் கையாலேயே கொடுக்க வேண்டும். ராயின் தங்கை ஏவ்ரில் உயிரோடு இருக்கிறாள். வருடம் தவறாமல் நவம்பரில் ரெஜிமென்ட் சங்கத்துக்கு எழுதுவாள், படைவீரர் நினைவு நாளில் அண்ணன் பெயரையும் வாசிக்கச் சொல்லி. விபத்தில் இறந்தவர் பெயரை வாசிக்கும் வழக்கம் இல்லை என்று சங்கம் வருடம் தவறாமல் பதில் போடும். சங்கத் தலைவராக இருந்த ஆறு வருடம் அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டவர் டாரன்ட்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: குடும்பத்துக்குத் தெரியாமல் நோயாளிக்காக ஒரு காகிதத்தையும் கொண்டுபோகக் கூடாது. நான் ஒளித்துச் செய்கிறவள் இல்லை. பிப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சனிக்கிழமை காரில் வந்து இறங்கினாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி, ஐம்பத்தேழு வருஷம் ஆச்சு! அந்தம்மா செத்தே போயிருப்பாங்க. இப்போ போய் எதுக்குக் கிளறணும்?"

"தங்கச்சி இருக்கா."

"அவ பத்திரிகைக்காரன்கிட்டப் போனா? அந்த சார்ஜென்ட் செத்தாச்சு. மிச்சம் இருக்கிற ஒரே பேரு உங்க பேரு. ரெஜிமென்ட் பத்திரிகைக்கு நான் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன்..."

"நான் இன்னும் சாகல பிப்பா. அதுக்குள்ள இரங்கல் குறிப்பா?"

"நீங்கதானே உக்காந்து பென்சிலால திருத்திக் குடுத்தீங்க!"

"கமா போட்டேன், அவ்வளவுதான். உனக்குக் கமாவே வராது."

பிப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சமையலறைக்கு வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"மேட்ரன், அந்தக் கடுதாசியை அடுப்புல போட்டுடுங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அது உங்க அப்பாவோட சாமான். அவர் சொன்னா போடுறேன்."

"அவருக்கு மூளை சரியா வேலை செய்யுதான்னே தெரியல."

"நேத்துத்தான் டாக்டர் பார்த்துட்டுப் போனார். இதயம்தான் போச்சு. மூளை நல்லா இருக்கு. அதான் கஷ்டம்."

அவள் கிளம்பிப் போனாள். தடுக்கவும் இல்லை, சரியென்றும் சொல்லவில்லை. டாரன்ட் சொல்லச்சொல்ல நான் ஏவ்ரிலுக்கு எழுதினேன். மூன்று வரி: நான் உங்கள் அண்ணனின் அதிகாரியாக இருந்தேன், அவருக்குச் சொந்தமான ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது, பயணம் செய்ய எனக்கு இனி முடியாது. நான்கு நாளில் தபால் அட்டை வந்தது. "செவ்வாய் வருகிறேன். ரயில் பதினொன்றரை. சாப்பாடு வேண்டாம். ஏவ்ரில் ஹோல்ட்."

செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளை அவர் தாண்டுவாரா என்பது எனக்கே நிச்சயமில்லை. தினமும் காலையில் எடை பார்ப்பேன். ஒரு கிலோ கூடினால் ஒரு கிலோ தண்ணீர் என்று அர்த்தம். வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்றரை கூடியது. டாக்டர் நீர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். டாரன்ட் உப்பில்லாத சூப்பைக் குடித்தார், முகம் சுளிக்காமல். உட்கார்ந்தே தூங்கினார். ஞாயிறன்று உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"போனா திரும்ப விடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப செவ்வாய்க்கு அப்புறம் கேளுங்க."

செவ்வாய்க் காலை கட்டம் போட்ட கோட்டும் ரெஜிமென்ட் டையும் கேட்டார். ஷூ போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முடியாது என்று காட்டினேன். கடைசியில் பின்பக்கம் கத்தரித்த செருப்புத்தான். "பிரிகேடியர் அழகு," என்று தன் காலைப் பார்த்துச் சொன்னார்.

ஏவ்ரில் எழுபது வயதுக்காரி. குள்ளம், கெட்டியான உடம்பு, மழைக்கோட்டு. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவளாம். வாசல்மிதியில் காலை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். படிச்சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். ஜெர்மனிப் படத்தின் முன் நின்று, முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனாள்.

"ரெண்டாவது வரிசை. காது ரெண்டும் துருத்திக்கிட்டு," என்றாள். "அவன்தான்."

அத்தனை மாதம் அந்தப் படத்தைத் துடைத்தவள் நான். அவன் அதில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

டாரன்ட் எழுந்திருக்க முயன்றார். "உக்காருங்க மிஸ்டர் டாரன்ட்," என்றாள் ஏவ்ரில். பிரிகேடியர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை, ஒத்திகை பார்த்த மாதிரி வரிசையாகச் சொன்னார். மெத்தை, தொட்டி, மேசைக்கு முன்னால் நின்றது, முதுகில் தட்டியது. அவள் மடியில் கை கோத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டும்போது நான் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தேன். "நிறுத்திக்கலாமே," என்றேன். இருவருமே என்னைப் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் உறையை நீட்டினார். "உங்க அம்மா எழுதினது. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு எடுத்து வச்சேன். பாதி எனக்காகத்தான். ஆனா இது திரும்பி வந்து அவங்க பார்க்க வேண்டாம்னு நெனச்சது நெசம்."

ஏவ்ரில் உறையை வாங்கினாள். பிரிக்கவில்லை. மூலையில் இருந்த பென்சில் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு," என்றாள்.

"அது தபால்காரங்க போட்டது."

"அம்மா போட்டது. எல்லாக் கடுதாசிக்கும் மூலையில நம்பர் போடுவாங்க. ஒண்ணு தொலைஞ்சா அவனுக்குத் தெரியணும்னு." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "பார்சல் வந்துச்சு. கடிகாரம், கத்தி, கடுதாசிக் கட்டு. அம்மா சமையலறை மேசையில ஒவ்வொண்ணா அடுக்கினாங்க. ஒண்ணு, ரெண்டு, பதிமூணு வரைக்கும். நான் பக்கத்துல நின்னேன், எனக்குப் பன்னெண்டு வயசு. திரும்ப ஒருதடவை அடுக்கினாங்க. பதினாலைக் காணோம்."

டாரன்டின் பார்வை அந்த எண்ணுக்குப் போனது.

"தொலையல, யாரோ எடுத்திருக்காங்கன்னு அம்மாவுக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. எதுக்கு எடுப்பாங்க? அதைப் படிச்சுட்டுத்தான் அவன் சுட்டுக்கிட்டான், அதான் மறைக்கறாங்கன்னு முடிவு பண்ணாங்க. விபத்துன்னு நீங்க எழுதினதை ஒருநாளும் நம்பல. ஆனா யாரையும் போய்க் கேக்கவும் இல்ல. கேட்டா பதினாலு வெளியே வருமே. நாந்தான் கொன்னேன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாங்க, அதுவும் சாகும்போது. தொண்ணூத்தி நாலுல. நடுவுல முப்பத்திரெண்டு வருஷம் ஒரு கிறிஸ்துமஸ் கார்டுகூட அவங்க கையால எழுதல. பேனாவையே தொடல."

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மேட்டில் பயிற்சி தொடங்கியிருந்தது.

ஏவ்ரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள். ஒரே தாள். மெல்ல, சத்தமாகவே படித்தாள், பள்ளிப்பிள்ளை மாதிரி.

"'அன்புள்ள ராய், அழுதுகொண்டு வீட்டுக்கு வராதே. உன் வயதில் எல்லாருக்கும் கஷ்டம் இருந்தது. அந்த மோட் செய்வது தப்பென்று உனக்குத் தோன்றினால் உன் அதிகாரியிடம் போய்ச் சொல். அவர் படித்தவர், நல்ல குடும்பம். கேட்பார். நீல ஸ்வெட்டரின் தோளைத் தைத்துவிட்டேன். ஏவ்ரிலுக்கு அம்மை, சரியாகிவருகிறது. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, அம்மா.'"

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"இவ்வளவுதானா," என்றாள். "அம்மா சொன்னதைக் கேட்டா, எவ்வளவோ எழுதின மாதிரி இருந்துச்சு. வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே போச்சு."

பிறகு உறையை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது எப்போ வந்துச்சு அவனுக்கு?"

"ஒன்பதாம் தேதி," என்றார் டாரன்ட். "வெள்ளிக்கிழமைத் தபால். மத்த சாமானோட என் மேசைக்கு வந்துது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது என்று நினைக்கிறேன்.

"அவன் செத்தது புதன்."

"ஆமா."

"அப்போ அவன் இதைப் படிக்கவே இல்லியா?"

"இல்ல. ஒட்டியிருந்துது. உறையை நான்தான் பிரிச்சேன்."

அவர் முகம் போன நிறத்தைப் பார்த்து நான் நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது, கன்னாபின்னாவென்று.

"பிரிக்காம திருப்பி அனுப்பியிருந்தீங்கன்னா," என்றாள் ஏவ்ரில், "ஒட்டின உறை வந்திருக்கும். வேற ஒண்ணும் வேணாம். ஒட்டின உறை. அதைக் கையில வாங்கியிருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு... அது தோணவே இல்ல."

"தோணாது. எங்களுக்காக யோசிச்சீங்க, எங்களைக் கேக்காம." கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, கைப்பைக்குள் வைத்து, பையின் கிளிப்பை இரண்டு முறை அழுத்தினாள். "அவன் உங்ககிட்ட வந்தது அம்மா சொல்லி இல்ல. அவனாவே வந்திருக்கான். பாவம், அதுக்குத் தைரியம் வேணும்."

நான் டீ போடவா என்று கேட்டேன். வேண்டாம், ரயில் இருக்கிறது என்றாள். வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இனிமே தூங்குவாரா அந்தாளு?"

"ஊசி போட்டா தூங்குவார்."

"போடுங்க. மூச்சு முட்டுறதைப் பார்க்க நான் வரல." இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "ஆனா நான் மன்னிச்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களை மாதிரி ஆளுங்க நல்ல மனசுல சொல்லிடுவீங்க."

உள்ளே வந்தேன். அவர் அதே நாற்காலியில், கை மடியில் அப்படியே இருந்தது.

"வாசல்ல என்ன சொன்னாங்க?"

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: கேட்காததைச் சொல்லாதே, கேட்டதற்குப் பொய் சொல்லாதே. சொன்னேன், இரண்டையும், அவள் சொன்ன வரிசையிலேயே.

அவர் தலையாட்டினார். பிறகு, "அந்தப் பாதியும் போச்சு மேட்ரன்," என்றார்.

அன்று முதல் ஷூவைத் தேய்ப்பதை விட்டுவிட்டார். அதற்குப் பதில் காலையில் என்னை எழுத வைத்தார். மூச்சு இருக்கும்போது நாலு வரி, இல்லாதபோது காத்திருப்பு. மூன்று நாளில் நான்கு பக்கம் ஆனது: ஹோல்ட், மோட், தொட்டி, விசாரணைக்குழுவில் தான் சொன்ன பொய், பிரித்த உறை. தன்னைத் திட்டிக்கொள்ளும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அதிகாரி எழுதும் அறிக்கை மாதிரி, தேதி, இடம், நேரம். நான் இரண்டு பிரதி எடுத்தேன், இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றை ஏவ்ரிலுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பதில் வரவில்லை.

"இன்னொண்ணு பிப்பாவுக்கு," என்றார். "என் சாமானை நீங்கதானே கட்டுவீங்க?"

"ஆமா."

"எதையும் எடுத்துடாதீங்க. பாவம்னு தோணும். எடுத்துடாதீங்க."

ஏவ்ரில் வந்துபோன பதினோராம் நாள், மதியம் இரண்டு மணிக்கு இறந்தார். அமைதியாக என்று சொல்ல மாட்டேன். நுரையீரலில் நீர் ஏறி, காலை பதினொன்றிலிருந்து மூச்சுக்குத் திணறினார். மாவட்டச் செவிலி வந்து மார்ஃபின் போட்டபோது மணி ஒன்று. அதன் பிறகு கொஞ்சம் தேவலை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியாது.

பிப்பா மூன்று மணிக்கு வந்தாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அமைதியாப் போனாரா?"

"இல்ல பிப்பா. ரெண்டு மணி நேரம் ரொம்பக் கஷ்டப்பட்டார். கடைசி ஒரு மணி பரவாயில்ல."

அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவரைத் துடைத்து, வேறு சட்டை மாற்றி, முகவாயைக் கட்டினேன். ஷூ ஏறவில்லை. பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் சாமான் பட்டியலோடு அவளைச் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டேன். என் கையால் எழுதியது, ஒன்று முதல் நாற்பத்துமூன்று வரை எண் போட்டது. ஒன்று, கைக்கடிகாரம். இரண்டு, பதக்கங்கள் ஏழு. அவள் விரலை வைத்துக் கீழே வந்தாள். முப்பத்தொன்று, பாலிஷ் பெட்டி. முப்பத்திரண்டு, மகளுக்கு எழுதிய நான்கு பக்கம், உறையிட்டது.

விரல் அங்கே நின்றது.

"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் எழுதினேன்."

"படிச்சா எனக்குக் கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ நீங்களே எடுத்து வச்சிருக்கலாமே, மேட்ரன். எனக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது."

"நம்பர் போட்டிருக்கேன்," என்றேன். "ஒண்ணும் குறையாம இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

அவள் நாற்பத்துமூன்றையும் சரிபார்த்தாள். வழக்கறிஞர், ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டாள். மற்றதெல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று முப்பத்திரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

காற்று மெத்தையையும் ஆக்சிஜன் இயந்திரத்தையும் எடுத்துப்போக நான்கு மணிக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மாடிக்குப் போய்ப் படுக்கையைக் கழற்றினேன், விரிப்புகளைத் துவைக்கப் போட்டேன், கழிப்பறை நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்தேன். நான்கரைக்கு வண்டி வந்தது. வாசலில் அவள் கார் வழியை மறித்து நின்றிருந்தது, இன்ஜின் போடாமல். உள்ளே அவள் தாள்களின் மேல் குனிந்திருந்தாள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கப் போனான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மெத்தையை இருவருமாகக் காரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம்.